கரடி வரும் வீதி

இடிந்த சுவருக்குப் பின்னால், கையில் இரும்புக் கம்பியோடு குத்தவைத்து உட்கார்ந்திருந்தார் ஆறுச்சாமி. அவர் காத்திருந்தது கரடிக்காக அல்ல. கரடியை வரவழைக்கிற ஆளுக்காக.

பக்கத்தில் வனக்காவலர் பெனிஸ் டார்ச்சை அணைத்து வைத்திருந்தார். சாயங்காலம் மணி ஆறுதான். அதற்குள் பனிமூட்டம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

வீதி என்று பேர்தான். மலைமேல் அரவேணுவில் வரிசையாக வீடுகளும் நடுவே ஒரு மாரியம்மன் கோயிலுமாகக் கலகலவென்று இருந்த இடம். ரிசார்ட் கட்டுகிறோம் என்று வந்தவர்கள் ஒவ்வொரு வீடாக வாங்கி இடித்துப் போட்டார்கள். அம்மனையும் மெயின் ரோட்டுக்கு மாற்றிவிட்டார்கள். தெருவிளக்கும் போனது.

ஆள் போன இடத்தில் உண்ணிச்செடிப் புதர் மண்டியது. அதன் பின்னாலேயே கரடி வந்தது. முதலில் எப்போதோ ஒருநாள் வந்தது, இப்போது தினப்படி வருகிறது. வீதியில் மிஞ்சியிருப்பது ஆறுச்சாமியின் வீடும், அதன் முன்னறையில் அவர் நடத்தும் மளிகைக் கடையும், எதிரே ஜாபேஸ் வீடும் மட்டும்தான்.

போன வாரம் கரடி ஜாபேஸின் முகத்தைக் கிழித்துவிட்டது. விடிகாலையில் பால் வாங்கக் கதவைத் திறந்த மனுஷன், இப்போது கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒற்றைக் கண்ணோடு கிடக்கிறார்.

மறுநாளே ரிசார்ட்காரர்களின் புரோக்கர் டெனின் கடைக்கு வந்துவிட்டான். "கரடி நடமாடுற எடத்துல எதுக்குங்கண்ணா உசுரக் கையில புடிச்சுட்டு இருக்கோணும்? கையெழுத்துப் போட்டுட்டு அன்னூருக்கே போயிருங்க" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஆறுச்சாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்னூரில் இருந்த தோட்டத்தை விற்று வாங்கிய வீடு இது. இதையும் விட்டால் தலைசாய்க்க வேறு இடமில்லை.

இன்று காலையில்தான் பெனிஸ் அவரைக் கூட்டிப்போய்க் காட்டினார். பழைய கோயில் இருந்த கல்மேட்டில் எண்ணெய் வழிந்திருந்தது. சுற்றிலும் கிடந்த ஓட்டுச் சில்லுகளில்கூட எண்ணெய்ப் பிசுக்கு.

"எண்ணெய்னா கரடி உசுர உட்டுரும்ணா. எங்க இருந்தாலும் வாசம் புடிச்சு வந்துரும். யாரோ ஊத்துறாங்க."

"யாரோ என்ன யாரோ? டெனின் ஆளுகதான். கையும் களவுமாப் புடிச்சுக் கலெக்டர்கிட்டயே இழுத்துட்டுப் போறேன். அப்பறம் எவன் வந்து என்னைய ஊட்ட உட்டுக் கெளம்பச் சொல்றான்னு பாக்கறேன்."

இந்த விஷயத்தை வீட்டில் அவர் மூச்சுவிடவில்லை. மலையேறி மூன்று வருஷமாகியும் மனைவி ஜானகிக்கு இந்த ஊர் பழகவில்லை. கரடி என்று பேச்செடுத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது. இடிபாடு பக்கம் காலடி வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். இன்றும் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பஞ்சாயத்து ஆபீசுக்குப் போவதாகப் பொய் சொல்லித்தான் வந்தார்.

"தெனமுமா தம்பி ஊத்தறானுக?" என்று கிசுகிசுத்தார்.

"அப்படித்தாண்ணா தெரியுது. போன மாசம் ஒரு வாரம் மட்டும் கரடி இந்தப் பக்கமே வரல."

"ஆமா, ஞாபகம் இருக்குது. ஜானகி அவ தம்பி கல்யாணத்துக்கு அன்னூர் போயிருந்தா. நான் ஒண்டியாக் கெடந்தேன், ஆனா நிம்மதியாத் தூங்குனேன்." சட்டென்று அவர் குரல் மாறியது. "அட, டெனினும் அப்ப ஊர்ல இல்லீங்க தம்பி. கேரளா போயிருந்தான்!"

"அப்பச் சரியாப் போச்சுண்ணா."

காலடிச் சத்தம் கேட்டது. இருவரும் மூச்சை அடக்கினார்கள்.

குல்லாவும் ஜெர்கினுமாக ஓர் உருவம் பனிக்குள்ளிருந்து வந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, நேராகக் கல்மேட்டுக்குப் போய்க் குனிந்தது. பாட்டில் மூடியைத் திருகும் சத்தம். அடுத்து நல்லெண்ணெய் வாசம்.

ஆறுச்சாமிக்கு ஜாபேஸின் முகம்தான் நினைவுக்கு வந்தது. பெனிஸ் கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை, உதறிக்கொண்டு பாய்ந்தார்.

"ஒரு மனுசன் கண்ணப் புடுங்கியும் அடங்கலயாடா உங்களுக்கு!"

கம்பியை ஓங்கி இறக்கினார். எலும்பு முறிகிற சத்தம் அவருக்கே கேட்டது. உருவம் கத்தக்கூட முடியாமல் சரிந்து விழுந்தது.

"அண்ணா, போதும், உடுங்க!" பெனிஸ் ஓடிவந்து டார்ச்சை அடித்தார்.

குல்லா கழன்று தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. தொங்கிப்போன வலது கையை மடியில் ஏந்திக்கொண்டு ஜானகி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு மண் அகல், ஏற்றாத திரியோடு கவிழ்ந்து கிடந்தது.

கம்பி ஆறுச்சாமியின் கையிலிருந்து நழுவியது.

"அக்கா... நீங்களா? இங்க எதுக்குங்க்கா வந்தீங்க?" பெனிஸ்தான் கேட்டார்.

அவள் பெனிஸைப் பார்க்கவில்லை. சொன்ன பேச்சு கேட்காமல் வந்ததற்குத்தான் இந்த அடி என்று நினைத்தாளோ என்னவோ, வலியில் உதடு துடிக்கத் துடிக்கப் புருஷனிடமே மன்றாடினாள்.

"கரடி வரக்கூடாதுன்னுதானுங்க தெனமும் ஆத்தாளுக்கு வெளக்கு வெக்கறேன்!"