பந்தி வரைக்கும் சத்தம்

மகள் கல்யாணத்தைச் சினிமாவாகப் பிடிக்க, மீனாட்சிபுரத்திலிருந்து பஸ் ஏறிப் பாலக்காட்டுக் கனியின் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தாள் மயிலாத்தாள்.

"எந்தக் காமிராங்க ஒசத்தி?"

"கேனான்ல மருதாணிச் செவப்புக்கூட அப்படியே விழும்க்கா. போலெக்ஸ்ல படம் ஆடாம நிக்கும்."

"அது கெடக்கட்டும். எது பெருசு? எதுக்குச் சத்தம் சாஸ்தி?"

இப்படி யாரும் காமிரா கேட்டதில்லை. "போலெக்ஸ்தான். பந்தி வரைக்கும் கேக்கும்" என்றார் கனி.

"அதையே கொண்டாங்க. போன வருசம் எம் பையன் கல்யாணத்துல பொண்ணு ஊட்டுக்காரங்க காமிரா வெச்சு எங்களைத் தலைகுனிய வெச்சுட்டாங்க. படம் கழுவப் பம்பாய் போயிருக்குன்னு இன்னும் பீத்திக்கறாங்க. அந்தச் சம்பந்தியம்மா வயிறு எரியோணும்!"

கனிக்கு ஏனோ இருமல் வந்தது. "பிலிம் எத்தனை சுருள்க்கா?"

மயிலாத்தாள் குரலைத் தாழ்த்தினாள்.

"பிலிம் விக்கற வெலைக்கு அது எதுக்குங்க? நீங்க வெறுங்காமிராவை ஓட்டிக்கிட்டு மணவறையைச் சுத்தி வந்தாப் போதும். கேட்டா, நாங்களும் பம்பாய் போயிருக்குன்னு சொல்லிக்கறோம்."

கனி அலமாரியைத் திறந்து போலெக்ஸை எடுத்து வைத்தார்.

"அப்ப இதுதான்க்கா சரி. போன வருசம் உங்க சம்பந்தியம்மா நடத்துன கல்யாணத்துக்கும் இதுதான் போச்சு. பிலிம் இல்லாம ஓடிப் பழகுன காமிரா."