கதவைக் காணோம்

"எந்தத் திருட்டுப் பய என் கதவைத் தூக்கினான்?"

தச்சர் போட்ட சத்தத்தில் பக்கத்துச் சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

டாக்டரம்மா வீட்டுக் குளியலறைக்காகச் செய்த கதவு அது. கீல் பொருத்தி, தாழ்ப்பாள் போட்டு, நேற்றுச் சாயங்காலம்தான் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்தார். காலையில் வந்து பார்த்தால் சுவர் மட்டும் இருக்கிறது.

"பதறாதீங்க மாமா" என்றான் மச்சினன். பட்டறையில் கூடமாட வேலை செய்பவன் அவன்தான். "கதவு என்ன கைக்குட்டையா, மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போக? யாராவது பார்த்திருப்பாங்க."

"நேத்து நீ பட்டறையைப் பூட்டினியா இல்லையா?"

"பூட்டறதுக்குப் பட்டறைக்கு ஏது மாமா கதவு? செய்யணும் செய்யணும்னு நீங்கதான் சொல்லிக்கிட்டே இருக்கீங்க."

தச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சலவைக் கடைக்காரருக்குத்தான் ஏதோ கருகும் வாசனை வர, "ஐயையோ!" என்று திரும்பி ஓடினார்.

அந்த நேரம் பார்த்து, காலிக் கேன்களோடு திரும்பிக்கொண்டிருந்த பால்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"கதவா? விடியக்காலையிலயே பார்த்தேனே. பள்ளிக்கூடத் தெருவுல நடந்து போய்க்கிட்டிருந்துச்சு."

"என்னது, நடந்து போச்சா?"

"ஆமாங்க. மேல கதவு, கீழ நீலப் பாவாடையும் காலுமாத் தெரிஞ்சுது. பொம்பளைப் பிள்ளைங்க. ஏதோ நாடகத்துக்குத் தூக்கிட்டுப் போறாங்கன்னு நினைச்சேன்."

தச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. போயும் போயும் அந்தப் பள்ளிக்கூடமா!

பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகளை அவர் அங்கிருந்து நிறுத்தி இரண்டு மாதமாகிறது. பெண்பிள்ளைகளின் கழிவறைக் கதவு உளுத்து விழுந்துவிட்டது. நிலை மட்டும் நின்றது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். விஷயம் காதுக்கு வந்த அன்றே, "கதவில்லாத இடத்துக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன்" என்று அவள் புத்தகப் பையைத் தூக்கிப் பரண்மேல் போட்டார்.

"அப்பான்னா இப்படி இருக்கணும்" என்றது தெரு.

நேற்றுக்கூடக் கணக்கு டீச்சர் வீடு தேடி வந்திருந்தார்.

"நாளைக்கு அவ வகுப்புக்கு வரலைன்னா பரீட்சைக்குப் பேர் அனுப்ப முடியாதுங்க. நல்லாப் படிக்கிற பொண்ணு. ஒரு வருஷம் போனா அப்புறம் திரும்பி வரவே மாட்டா. எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன்."

"முதல்ல மானத்தோட போய்ட்டு வர ஒரு கதவு போடுங்க. அப்புறம் படிப்பைப் பத்திப் பேசலாம்." வாசலோடு அனுப்பிவிட்டார் தச்சர்.

இப்போது சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மச்சினனும் பின்னாலேயே ஓடினான்.

"என் பொண்ணு படிப்பைக் கெடுத்தது பத்தாதுன்னு, கதவையும் திருட ஆரம்பிச்சுட்டாங்களா? ஒரு கதவுடா! ஒரு கதவு போட எவ்வளவு நேரமாகும்? மரம் கையில இருந்தா அரை நாள் வேலை. இதுக்குப் போய் மேலிடத்துக்கு மனு எழுதறாங்களாம், மனு! பொம்பளைப் பிள்ளைங்கன்னா அவ்வளவு இளக்காரம். நெஞ்சுல கொஞ்சமாவது ஈரம் வேணாம்?"

மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாமாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், கழிவறை நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது அவருடைய கதவு. மேல் கீல் சற்றுக் கோணல். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"மாமா, அது பொம்பளைப் பிள்ளைங்களோட..." என்று மச்சினன் கையைப் பிடிப்பதற்குள் தடதடவென்று தட்டிவிட்டார்.

"யாரு உள்ள? திருட்டுக் கழுதை! வெளிய வா!"

"ஆள் இருக்கு! இருங்க, வரேன்!"

சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தாழ்ப்பாள் விலகியது. சீருடையும் ஈரக் கையுமாக வெளியே வந்தவள், அவர் மகள்.

தச்சர் கத்துவதற்கு மூச்சை இழுப்பதற்குள் கணக்கு டீச்சர் வேகமாக வந்துவிட்டார்.

"வாங்க, வாங்க! நானே உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தேன். நேத்து நீங்க பேசினது எனக்கு வருத்தமாத்தாங்க இருந்துச்சு. காலையில பார்த்தா, 'அப்பா கொடுத்து அனுப்பினார்'னு உங்க பொண்ணு கதவோட வந்து நிக்கறா! பிரேயர்ல எல்லாப் பிள்ளைங்களும் உங்களுக்குக் கை தட்டினாங்க. பரீட்சைக்கு அவ பேரையும் சேர்த்தாச்சு."

டீச்சர் கும்பிட்டுவிட்டுப் பெண்களை வகுப்புக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

மகளைச் சுவரோரம் இழுத்தார் தச்சர். குரலை அடக்கிக்கொண்டார்.

"டாக்டரம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? கதவைத் திருடினதும் இல்லாம, பொய் வேற! ஏம்மா, அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே செஞ்சு கொடுத்திருக்க மாட்டேனா?"

மகள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கேட்டேனேப்பா. பையைப் பரண்ல போட்டீங்களே, அன்னைக்கே கேட்டேன். 'நேரமில்லை, போ'ன்னீங்க. கோழிக்கூண்டுக்குக் கதவு செஞ்சுக்கிட்டிருந்தீங்க."