காட்டுப் படப் பாட்டு

இசைத்தட்டைத் திருப்பி வைத்துவிட்டேன்.

புளியமரத்தில் கட்டியிருந்த லவுட்ஸ்பீக்கர் குழாய் ஒருமுறை கரகரத்தது. பிறகு, அந்தக் கலியாண வீட்டில் கேட்கவே கூடாது என்று சொல்லப்பட்டிருந்த பாட்டு பூநகரி முழுவதும் கேட்கத் தொடங்கியது.

பந்தலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்த மயில்வாகனம் அண்ணை கதிரையிலிருந்து இறங்கினார். தங்கை கமலாசனியின் கலியாணத்துக்கென்று வாங்கிய பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். குசினிப் பக்கம் போய், விறகு கொத்தும் கோடாலியை எடுத்தார்.

காலையிலேயே எனக்குச் சொல்லியிருந்தார்.

"தம்பி பாலன், காட்டுப் படப் பாட்டு ஒருக்காக் கேட்டால் உம்மட குழாயை வெட்டி விழுத்திப்போடுவன். பிறகு குறை சொல்லக் கூடாது."

சொன்னால் செய்கிற மனிதர். அந்தக் குழாயை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை. மாப்பிள்ளை வீட்டார் அக்கராயனிலிருந்து வந்து இறங்குகிற நேரம் வேறு. பாட்டில்லாத பந்தலுக்குள் அவர்களைக் கூப்பிட்டால், இது கலியாண வீடா செத்த வீடா என்று கேட்பார்கள்.

அண்ணைக்கு உலகத்தில் இரண்டே படங்கள்தான்.

ஒன்று அரண்மனைப் படம். யாழ்ப்பாணத்தில் பார்த்தது. விசிறிக்கு நேர் கீழே கதிரை கிடைத்தது. இடைவேளையில் ஐஸ்கிறீம் குடித்தார். அதைப் போல ஒரு படம் இனி வராது என்பார்.

மற்றது காட்டுப் படம். பரந்தனில் கூடாரம் அடித்துக் காட்டினார்கள். முடிந்து வெளியே வந்தபோது பூநகரிக்குக் கடைசி பஸ் போய்விட்டது. மனைவி நாகேஸ்வரி அக்காவையும் கூட்டிக்கொண்டு பதினைந்து மைல் நடந்தார். பாதி வழியில் செருப்பு அறுந்தது. மிச்ச வழிக்கு நுளம்பு கடித்துக்கொண்டு கூடவே வந்தது.

எல்லாம் அந்தப் படத்துக்கு இசையமைத்தவன் செய்த வேலை என்பது அண்ணையின் முடிவு. இரண்டு பாட்டைக் குறைத்திருந்தால் பஸ்ஸைப் பிடித்திருக்கலாமாம்.

பன்னிரண்டு வருடமாக, அரண்மனைப் படத்துக்கு இசையமைத்தவரைத் தெய்வம் என்றும் காட்டுப் படத்துக்காரனைக் கழுதை என்றும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எதிர்த்துப் பேசியவர்களோடு பேச்சுவார்த்தை இல்லை.

இரண்டு பேரும் ஒரே ஆள் என்று காலையில் நான் சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் சும்மா கிடக்காது. இசைத்தட்டையே எடுத்துக் காட்டினேன். ஒரு பக்கம் அரண்மனைப் பாட்டு, மறுபக்கம் காட்டுப் பாட்டு, இரண்டுக்கும் கீழே ஒரே பெயர்.

அண்ணை தட்டை வெயிலில் பிடித்து இரண்டு பக்கத்தையும் விரல் வைத்து வாசித்தார்.

"அப்ப காட்டுப் படத்துக்குப் பாட்டுப் போடேக்கை அந்தாளுக்குக் காய்ச்சலாய் இருந்திருக்கும்."

அந்த மனிதர்தான் இப்போது கோடாலியோடு மரத்தடிக்கு வந்தார். குழாயைக் கட்டிய கயிறு அவர் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது. கோடாலியை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பல்லவி முடிந்து பாடகர் மூச்சு வாங்குகிற இடம் வந்தது. அந்த இடைவெளியில் ஒரு சின்ன இழுவை கேட்டது. அது என் இசைத்தட்டில் இல்லாத இழுவை.

கண்ணைத் திறந்து பார்த்தேன். அண்ணையின் வாயிலிருந்துதான் வந்திருந்தது. என்னைவிட அவர்தான் திடுக்கிட்டுப் போயிருந்தார்.

குசினி வாசலில் நாகேஸ்வரி அக்கா அகப்பையோடு நின்றார். சுற்றிவர வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால், அவர் கண்ணைத் துடைத்ததற்கு யாரும் காரணம் கேட்கவில்லை. அண்ணை அவரைப் பார்த்தார். அவரும் பார்த்தார்.

கோடாலி இறங்கியது. கயிற்றில் இல்லை, பக்கத்தில் கிடந்த விறகுக் கட்டையில்.

இன்னொரு தரம் ஓங்கினார். அதுவும் கட்டையில்தான். பட்டு வேட்டியோடு, வியர்க்க வியர்க்க, விறகு கொத்தத்தான் வந்தவர் போலக் கொத்தினார். தாளம் மட்டும் ஓர் இடத்திலும் தப்பவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோது பெண்ணின் தமையன் விறகு கொத்திக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"கண் தெரியாட்டிக் கண்ணாடி வாங்கிப் போடும்."

தலையைக் குனிந்துகொண்டு, ஓம் அண்ணை, பிழைதான் என்றேன்.

என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

அன்று விடியும்போதே நாகேஸ்வரி அக்கா தேத்தண்ணியோடு என்னிடம் வந்துவிட்டார்.

"காட்டுப் படம் பாத்த அண்டைக்கு எங்களுக்குக் கலியாணம் முடிஞ்சு எட்டாம் நாள், தம்பி. எனக்கு இருட்டெண்டால் பயம். பரந்தனில இருந்து வீடு மட்டும் இந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டு வந்தவர். பிறகு ஒருநாளும் பாடேல்லை. ஒருக்காப் போட்டுவிடுங்கோவன்."

நான் தலையாட்டி, அவர் தந்ததைத் தின்றும் முடித்த பிறகுதான் அண்ணை வந்து கோடாலிக் கதை சொன்னார்.

பதினைந்து மைல் நடக்க ஐந்து மணி நேரமாவது வேண்டும். பாட்டு மூன்று நிமிடம். எப்படியும் நூறு தரம் பாடியிருப்பார். நூறு தரம் பாடினால் எந்தப் பாட்டும் எந்த மனிதனுக்கும் வெறுத்துப் போகும். அதற்கு இசையமைத்தவர் என்ன செய்வார், பாவம்.

நூறு தரமும் கூட நடந்து கேட்ட அக்கா, இன்னும் ஒரு தரம் கேட்பதற்காக ஓலைப்பெட்டி நிறையப் பயற்றம்பணியாரம் கொண்டுவந்திருந்தார்.