முதல் விசில்

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாளாவது கீழ பாக்ஸ்ல என் பக்கத்துல உக்காருங்களேன்" என்றாள் எர்சிலியா, கணவரின் கோட்டுக்குப் பிரஷ் போட்டபடி.

"முடியாது. என் இடம் மேல கேலரிதான்" என்றார் ஓஸ்வால்டோ.

இத்தாலியின் பார்மா ஓபரா அரங்கில், கீழே பாக்ஸ் எனும் தனித்தடுப்பு இருக்கைகள்; உச்சியில் மலிவு டிக்கெட் கேலரி. அந்தக் கேலரி என்றாலே பாடகர்களுக்கு வியர்க்கும். சுருதி விலகினால் மேலிருந்து கண்டன விசில் பறக்கும்; அங்கே விசில் பாராட்டு அல்ல, அவமானம். முதல் விசில் எப்போதும் ஓஸ்வால்டோவுடையதுதான். போன மாதம் ஒரு பெரிய பாடகர் பாதிப் பாட்டிலேயே மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

"இன்னிக்குப் பாடப்போறது புதுப் பொண்ணு. விசிலடிச்சுத் தொலைக்காதீங்க."

"புதுசோ பழசோ, தப்பாப் பாடினா விசில்தான்."

"நெஞ்சுல ஈரமே கிடையாதா உங்களுக்கு? லவீனியா, நீயாவது சொல்லேன்டி!"

கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்த மகள் எழுந்தாள். மேஜையிலிருந்த கேலரி டிக்கெட்டை எடுத்து அப்பாவின் கோட்டுப் பையில் செருகினாள்.

"அப்பா மேலயே இருக்கட்டும்மா" என்றாள் மெல்லிய குரலில். "பாக்ஸ்ல உக்காந்து கைதட்டினா, பெத்த பாசம்னு சொல்வாங்க. கேலரியில இருந்து தட்டினாத்தான், நான் நல்லாப் பாடினேன்னு இந்த ஊரு ஒத்துக்கும்."

ஓஸ்வால்டோ பையிலிருந்த டிக்கெட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தப்பாப் பாடினா?" என்றார், விடாமல்.

"தாராளமா விசிலடிங்கப்பா. ஆனா இன்னிக்கு உங்களுக்கு அந்த வேலை இருக்காது."