லேஸ் அவிழ்ந்த பையன்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை. கான்சாஸ் சிட்டி கடைத்தெருவில் ஓவியக் கூடங்கள் எல்லாம் திறந்திருந்தன. ஜோலீன் வரைந்த படத்தின் முன்னால் மார்வா வந்து நின்றாள். தொடர்ந்து மூன்றாவது மாதம்.

“உன் ரசிகை வந்தாச்சு. படத்துக்கா, வர்றவங்களுக்கு நாம வைக்கிற ஓசி சீஸுக்கான்னுதான் தெரியல” என்று ஜோலீனிடம் கிசுகிசுத்தான் கூடத்துக்காரன் டுவைட்.

படத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன். ஷூ லேஸ் அவிழ்ந்துகிடக்க, சிரித்துக்கொண்டிருந்தான்.

“இவனைப் பத்திச் சொல்லு கண்ணு” என்றாள் மார்வா.

வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும் கதையையே ஜோலீன் சொன்னாள். “எங்க தெருமுனையில தினம் பாப்பேன். ஸ்கூல் விட்டதும் ஓடி வந்து பஸ் பிடிப்பான். அம்மா காத்திருப்பாங்கன்னு அவ்வளவு அவசரம்!”

“லேஸைக் கட்டிக்கிட்டானா?”

போன இரண்டு மாதமும் கேட்ட அதே கேள்வி. ஜோலீனுக்கு மனசு உறுத்தியது.

“மன்னிச்சிடுங்கம்மா. படம் விக்கணும்னு கதை கட்டினேன். இவனை நான் பாத்ததே இல்ல. பழைய சாமான் கடையில ஃபிரேமோட ஒரு போட்டோ கிடைச்சுது. அதைப் பாத்துதான் வரைஞ்சேன்.”

“தெரியும்.” மார்வா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அந்தக் கடையில கொண்டுபோய்ப் போட்டவ நான்தான். என் பையன். செத்து நாலு வருஷமாச்சு. அந்தச் சிரிப்பை வீட்ல வெச்சுப் பாக்க முடியல.”

டுவைட் தலையைக் குனிந்துகொண்டான்.

“உன் கதையிலதான் அவன் தினமும் வீட்டுக்கு வர்றான். இன்னொரு தடவை சொல்லு கண்ணு.”

ஜோலீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள்.

“லேஸைக் கட்டிக்கிட்டான்மா. இப்பதான் பஸ் ஏறினான்.”