தீக்கோடு

காட்டுத் தீயணைப்புப் படை கோடையில் இளசுகளுக்குப் பயிற்சி கொடுத்தது. காட்டுப்பன்றிக் குட்டி செம்பனும் அவன் தோழன் சோணை முயலும் சேர்ந்தார்கள். தீ தாண்டி வராதபடி சருகை விலக்கி, மண்ணைக் கிளறிக் கோடு போடுவதுதான் பயிற்சி.

அது முடிவதற்குள் மூங்கில் புதர் பற்றிக்கொண்டது. தலைவர் கரடி கோடு போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

"எங்க வளை கோட்டுக்கு வெளியே, தீப் பக்கம் போயிடும் ஐயா. தங்கச்சிங்க வளைக்குள்ளே இருக்காங்க," என்றான் சோணை.

"அவ்வளவு தூரம் போய்ப் போட நேரமில்லப்பா."

சோணை தீயை நோக்கி ஓடினான். அவன் விட்டுப்போன இடைவெளியையும் செம்பனே தோண்டி முடித்தான். தீ கோடு வரை வந்து அடங்கியது. காடு பிழைத்தது. சோணை திரும்பவில்லை.

அடுத்த வாரம் புதிய குட்டிகள் சேர வந்தன. கரடி செம்பனைப் பெருமையோடு முன்னால் நிறுத்தினார்.

"எப்படிண்ணா அவ்வளவு வேகமாத் தோண்டினீங்க?" என்று ஒரு மான்குட்டி கேட்டது.

"நிமிர்ந்து பாக்காமத் தோண்டினேன்," என்றான் செம்பன்.