யாரும் சாகாத கதை

"வந்ததும் வராததுமா அந்த ஜப்பான் கார்ட்டூன் அனிமேவா? கை கால் கழுவினியா, ஒரு வாய் சாப்பிட்டியா?" அம்மா சமையலறையிலிருந்தே கத்தினாள்.

சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த மகள் டிவியை விட்டுத் திரும்பவே இல்லை. "இரும்மா. பள்ளிக்கூட மாடியில இருந்த பூந்தொட்டியைக் காணோம். நாலு பசங்க சேர்ந்து தேடுறாங்க."

"போன வாரம் என்ன காணாமப் போச்சு?"

"ஒண்ணும் போகல. கரும்பலகையில யாரோ பூனை வரைஞ்சுட்டாங்க."

"கொலை இல்ல, ரத்தம் இல்ல. இது ஒரு துப்பறியும் கதையா? இதுல அப்படி என்னடி இருக்கு?"

"அதான்மா இருக்கு. யாரும் சாக மாட்டாங்க. கடைசியில எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டே வீட்டுக்குப் போவாங்க."

அப்போது மகளின் போன் அடித்தது. மறுமுனைக் குரல் அம்மாவுக்கும் கேட்டது.

"இன்ஸ்பெக்டர் மேடம், ஆத்துப் பாலத்துக்கு அடியில ஒரு பொணம் கிடக்குது. இந்த வாரத்துல மூணாவது."

மகள் பெருமூச்சு விட்டு எழுந்து, தொப்பியை எடுத்தாள். அம்மா சமையலறையிலிருந்து வந்து அவள் தோளை அழுத்தி மறுபடியும் உட்கார வைத்தாள்.

"முடிவைப் பாத்துட்டே போ. செத்தவன் எழுந்து எங்கயும் ஓடிடப் போறதில்ல!"